வீட்டுச் சாமான் இன்ஷூரன்ஸ்: ரினியூவல் நேரத்தில் கம்பெனி மாறலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கு மட்டும் பாலிசி எடுத்திருக்கிறார், கட்டடம் அதில் இல்லை. சில வருடங்களாக ஒரே கம்பெனி, இதுவரை ஒரு க்ளெய்ம் கூடப் போட்டதில்லை. இந்த முறை வந்த ரினியூவல் நோட்டீஸில் ப்ரீமியம் கால் பங்கு கூடியிருக்கிறது. இன்னொரு கம்பெனி அதே காப்பீட்டுத் தொகைக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவான ப்ரீமியத்தில் தருகிறேன் என்கிறது. மாறினால் எதையாவது இழப்பேனா, இத்தனை வருடம் ஒரே இடத்தில் இருந்ததற்கு மதிப்பு கிடையாதா, மாறுவதென்றால் எப்படி மாறுவது என்பதுதான் கேள்வி.

தாராளமாக மாறலாம். மருத்துவக் காப்பீட்டில் ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கு ஒரு காத்திருப்புக் காலம் உண்டு, அதனால் கம்பெனி மாறும்போது கடந்த வருடங்கள் என்னவாகுமோ என்று பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் வயது ஏறிய பிறகு புதிதாக எடுத்தால் ப்ரீமியம் கூடுதலாக இருக்கும், அதனால் பழைய பாலிசியை விட மனம் வராது. வீட்டுச் சாமான் பாலிசிக்கு இந்த இரண்டு சங்கடமும் கிடையாது. பெரும்பாலும் அது ஒரு வருட ஒப்பந்தம், வருடம் முடிந்தால் அதோடு முடிந்தது, அடுத்த வருடத்துக்குப் போடுவது புது ஒப்பந்தம், அது பழைய கம்பெனியோடு இருந்தாலும் சரி, வேறு கம்பெனியோடு இருந்தாலும் சரி. கையோடு எடுத்துப் போக வேண்டியது ஒன்றுதான், க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்கான தள்ளுபடி. ஆனால் "அதே தொகைக்கு மலிவாக" என்று எழுதியிருக்கிறீர்களே, என் கவலையெல்லாம் அந்த இடத்தில்தான். தொகை ஒன்றாக இருப்பதால் பாலிசி ஒன்றாகிவிடாது. க்ளெய்ம்களைப் பரிசீலிக்கும் பக்கம் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ப்ரீமியம் ஏன் ஏறியது என்று பாருங்கள். புது வாடிக்கையாளரைப் பிடிக்க முதல் வருடம் விலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு ரினியூவலிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம், பேசாமல் புதுப்பித்துக்கொண்டே போகிறவர்தான் அதற்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பிரிட்டனில் இதை நிறுத்தவே ஒரு விதி வந்தது. 2022 ஜனவரி 1 முதல் அங்கே வீடு, கார் காப்பீடுகளில் பழைய வாடிக்கையாளருக்கான ரினியூவல் விலை, அதே கம்பெனி அதே வழியில் வரும் புது வாடிக்கையாளருக்குச் சொல்லும் விலையைவிட அதிகமாக இருக்கக் கூடாது. அந்த விதி கூட ஒரே கம்பெனிக்குள் உள்ள வித்தியாசத்தைத்தான் தடுக்கிறது, பக்கத்துக் கம்பெனி இன்னும் மலிவாகத் தருவதை அது ஒன்றும் செய்யாது. அப்படி விதி இல்லாத இடங்களில் கேட்கவே வேண்டாம்.

ஆனால் எல்லா ஏற்றமும் அப்படிப்பட்டதல்ல. பல கம்பெனிகள் விலைவாசிக்கு ஏற்பக் காப்பீட்டுத் தொகையைத் தாங்களாகவே வருடா வருடம் கொஞ்சம் கூட்டிவிடும், அப்படிக் கூட்டியிருந்தால் ப்ரீமியத்தில் ஒரு பங்கு அதனால் வந்தது, அது உங்களுக்கு நல்லதுதான். போன வருட ஷெட்யூலையும் (உங்கள் பாலிசியின் விவரங்கள் இருக்கும் தாள்) இந்த வருட நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தொகை, எக்ஸஸ் (அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய பகுதி), கூடுதல் கவர்கள் (கவர் என்றால் எந்த இழப்புக்குப் பாதுகாப்பு என்பது) மூன்றையும் ஒப்பிடுங்கள். நோட்டீஸோடு "உங்கள் பாலிசியில் மாற்றங்கள்" என்று ஒரு தாள் வந்திருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். விலை ஏறியதோடு கவரும் குறைந்திருக்கலாம், அது அந்தத் தாளில்தான் இருக்கும்.

சரி, இப்போது தொகைக்கு வருவோம். நீங்கள் இப்போது வைத்திருக்கும் தொகை எப்போது, யார் போட்டது? பெரும்பாலும் பாலிசி எடுத்த அன்று ஏஜென்ட் கேட்டபோது மனதில் தோன்றிய ஒரு முழு எண்ணாக இருக்கும், அதற்கப்புறம் வாங்கிய கட்டில், லேப்டாப், வாஷிங் மெஷின் எதுவும் அதில் ஏறியிருக்காது. இரண்டு கம்பெனியையும் அந்தப் பழைய எண்ணை வைத்து ஒப்பிடுவது வீண் வேலை. முதலில் எண்ணைச் சரி செய்யுங்கள், அப்புறம் விலை கேளுங்கள்.

தொகை குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்பது பலருக்கும் க்ளெய்ம் போட்ட பிறகுதான் தெரியவருகிறது. வீட்டில் உள்ளவற்றின் உண்மையான மதிப்பு 10 லட்சம், பாலிசியில் 6 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அறையில் தீப்பிடித்து 2 லட்சத்துக்கு நஷ்டம். பாலிசித் தொகைக்குள்தானே இருக்கிறது, 2 லட்சமும் வந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். விகிதாசாரக் கழிவு விதி உள்ள பாலிசியில் அப்படி வராது. மதிப்பில் 60 சதவீதத்துக்குத்தான் நீங்கள் காப்பீடு செய்திருக்கிறீர்கள், ஆகவே நஷ்டத்திலும் 60 சதவீதம், 1 லட்சத்து 20 ஆயிரம், அதிலும் எக்ஸஸ் போக மீதி. மிச்ச 40 சதவீதத்துக்கு நீங்களே உங்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று கணக்கு. இப்படிக் கழிப்பதை விட்டுக்கொடுக்கும் பாலிசிகளும் உண்டு. இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பொதுப் பாலிசியான பாரத் கிருஹ ரக்ஷாவில் தொகை குறைவு என்று சொல்லி விகிதாசாரமாகக் கழிக்க முடியாது. கட்டடமும் சேர்ந்த அந்தப் பாலிசியில் வீட்டுச் சாமானுக்குக் கட்டடத் தொகையின் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே கிடைக்கும், அதற்கு மேல் வேண்டுமென்றால் நாம் தனியாகப் பட்டியல் கொடுத்துக் கேட்க வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள், புதிதாக வருவது எந்த வகை என்றும் பாருங்கள். ஒன்றில் கழிவு உண்டு, மற்றதில் இல்லை என்றால் மூன்றில் ஒரு பங்கு மலிவு என்பது பெரிய விஷயமே இல்லை.

தொகை போடாமல் படுக்கை அறைகளின் எண்ணிக்கையை வைத்து ஒரு பெரிய உச்சவரம்பு கொடுக்கும் பாலிசிகளும் சில நாடுகளில் உண்டு. அவற்றில் மொத்தத் தொகைத் தலைவலி குறையும், ஆனால் உள்வரம்புகள் இருக்கும், அதைக் கீழே சொல்கிறேன்.

கணக்கு எடுக்கும்போது அறை அறையாகப் போங்கள், இன்று புதிதாக வாங்கினால் என்ன விலையோ அதை எழுதுங்கள். டிவி, ஃபிரிட்ஜ், சோபா எல்லாருக்கும் ஞாபகம் வரும். தொகையைக் கவிழ்ப்பது அவை அல்ல, சின்னச் சின்னதாக நிறைய இருப்பவைதான். ஒரு அலமாரித் துணியை இன்று மொத்தமாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். பாத்திரங்கள், மெத்தை தலையணை, திரைச்சீலைகள், புத்தகங்கள், பரணில் கிடப்பவை, குழந்தைகளின் சாமான்கள், பரிசாக வந்து பிரிக்காமலே இருப்பவை, வளர்ந்த மகனோ மகளோ அறையில் வைத்திருக்கும் ஹெட்போனும் கேமராவும், இவையெல்லாம் சேர்ந்தால் டிவியும் ஃபிரிட்ஜும் ஒரு ஓரத்துக்குப் போய்விடும். கணக்கு எடுக்கும்போதே போனில் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள், கதவைத் திறந்து, டிராயரை இழுத்து, விலை உயர்ந்தவற்றின் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி. பில்கள் இருந்தால் படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள், ஆனால் வீட்டிலேயே வைக்காதீர்கள், மெயிலிலோ வேறு யாரிடமோ ஒரு பிரதி இருக்கட்டும். பில் இல்லை என்பதற்காக மட்டும் க்ளெய்ம் தள்ளுபடியாகும் என்று நினைக்க வேண்டியதில்லை, பொருள் இருந்ததற்கு வேறு ஆதாரம் இருந்தால் நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் ஏற்றுக்கொள்ள இடமுண்டு. ஆதாரமே இல்லாதபோதுதான் சங்கடம்.

சுவரோடு பொருத்திய அலமாரி, சமையலறை கேபினட், ஃபால்ஸ் சீலிங் இவையெல்லாம் பொதுவாகக் கட்டடப் பாலிசியில் சேரும், சாமான் பாலிசியில் சேராது. வாடகை வீட்டில் இருந்துகொண்டு உங்கள் செலவில் அவற்றைச் செய்திருந்தால், அது எதில் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் எடுத்திருக்கும் பாலிசி உங்கள் சாமான்களுக்கு எதுவும் தராது என்பதையும் வாடகைக்கு இருப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொகை சரியாகிவிட்டது என்றால் அடுத்தது, பொருள் போனால் எந்தக் கணக்கில் பணம் தருவார்கள் என்பது. இரண்டு வகை இருக்கிறது. பழையது போனால் அதே மாதிரிப் புதியது வாங்கும் விலையைத் தருவது ஒன்று. பொருளின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்துத் தருவது இன்னொன்று. ஆறு வருடம் ஓடிய வாஷிங் மெஷினுக்குப் பத்து வருட ஆயுள் என்று வைத்துத் தேய்மானம் கழித்தால் புது விலையில் 40 சதவீதம்தான் கைக்கு வரும். மலிவான பாலிசி எதனால் மலிவு என்று தேடும்போது நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான். புது விலை தருகிறோம் என்று சொல்லும் பாலிசிகளிலும் துணிமணிக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் மட்டும் தேய்மானம் உண்டு என்று ஒரு வரி இருக்கக்கூடும், அதையும் தேடிப் பாருங்கள். அப்புறம், பணமாகத் தருவார்களா, பொருளாகவே வாங்கித் தருவார்களா என்பதும் முக்கியம். பொருளாகத் தரும் உரிமையைக் கம்பெனி தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் பணம்தான் வேண்டும் என்னும்போது அவர்களுக்குக் கடைகளில் கிடைக்கும் தள்ளுபடி விலையைத்தான் தரலாம்.

உள்வரம்புகளில்தான் ஏமாற்றம் அதிகம் நடக்கிறது. மொத்தத் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான், நகை, வாட்ச், ஓவியம் போன்ற மதிப்புமிக்கவை எல்லாம் சேர்த்து மொத்தத்தில் இத்தனை சதவீதம்தான், ரொக்கத்துக்கு இவ்வளவுதான், சைக்கிளுக்கு இவ்வளவுதான், வெளியே உள்ள கொட்டகையில் வைத்தவற்றுக்கு இவ்வளவுதான் என்று தனித்தனியாக வரம்பு வைத்திருப்பார்கள். வரம்பைத் தாண்டும் பொருளைப் பெயர் சொல்லி, மதிப்பு சொல்லித் தனியாகச் சேர்க்க வேண்டும். பழைய கம்பெனியில் உங்கள் வளையலோ கேமராவோ அப்படித் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால், புதுக் கம்பெனிக்கு அது தானாகப் போய்ச் சேராது. கம்பெனி மாறும்போது விட்டுப்போகிற விஷயங்களில் இதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், பழைய ஷெட்யூலின் பின்பக்கத்தில் இருந்த பட்டியலை யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. நகைக்கு இன்னொன்று: தங்கம் விலை ஏறியதால் சில வருடங்களுக்கு முன் வரம்புக்குள் இருந்த நகை இப்போது வரம்பைத் தாண்டியிருக்கும். மதிப்பீட்டுச் சான்றிதழ் பழசாக இருந்தால் இந்த ரினியூவலிலேயே புதிதாக வாங்கிவிடுங்கள்.

திருட்டைப் பற்றித் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சாமான் பாலிசி என்றதும் எல்லார் மனதிலும் வருவது அதுதான். சில பாலிசிகளில் பூட்டையோ ஜன்னலையோ உடைத்து உள்ளே வந்ததற்கு அடையாளம் இருந்தால்தான் திருட்டுக்குப் பணம். திறந்து கிடந்த கதவு வழியாக வந்து எடுத்துப் போனால் கிடையாது. அறை ஒன்றை வேறொருவருக்கு விட்டிருந்தாலோ, நண்பர்களோடு சேர்ந்து குடியிருந்தாலோ, இந்த நிபந்தனை கட்டாயம் இருக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன இந்தியப் பொதுப் பாலிசியிலோ, தீ, வெள்ளம் போன்ற காப்பீட்டுக்குள் வரும் ஒரு விபத்து நடந்து, அதை ஒட்டி 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுதான் அடிப்படையில் வரும். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருக்கும்போது நடக்கும் சாதாரணக் கொள்ளைக்குத் தனிக் கவர் வாங்க வேண்டும். இது தெரியாமல், வீட்டுப் பாலிசிதான் இருக்கிறதே என்று இருப்பவர்கள் ஏராளம். திருட்டுக் கவரில் சில சமயம் முழு மதிப்புக்கு இல்லாமல், ஒரே தடவையில் போகக்கூடியது இவ்வளவுதான் என்று ஒரு சதவீதத்துக்கு மட்டும் கொடுப்பதும் உண்டு. அப்படி இருப்பது தவறில்லை, ப்ரீமியம் குறையும், ஆனால் தெரிந்து எடுங்கள். பூட்டு, அலாரம் பற்றி நீங்கள் கொடுத்த பதிலும் இங்கேதான் திரும்பி வரும். அலாரம் இருக்கிறது என்று சொல்லித் தள்ளுபடி வாங்கியிருந்தால், வெளியே போகும்போதெல்லாம் அதைப் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருக்கும்.

ஆளில்லாத வீடு என்று ஒரு பிரிவு இருக்கும். தொடர்ந்து இத்தனை நாள், பெரும்பாலும் 30 அல்லது 60, வீட்டில் யாரும் தங்கவில்லை என்றால் திருட்டு, தண்ணீர்க் கசிவு போன்ற சிலவற்றுக்குக் கவர் நின்றுவிடும். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய் மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கு 30க்கும் 60க்கும் உள்ள வித்தியாசம் ப்ரீமியத்தைவிட முக்கியம்.

தண்ணீர்க் கசிவுக்கு மட்டும் எக்ஸஸ் அதிகமாக வைப்பது இப்போது சாதாரணம், ஆகவே ஷெட்யூலின் முதல் பக்கத்தில் போட்டிருக்கும் ஒரு எக்ஸஸை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். விலையைக் குறைக்க நீங்களாக ஏற்றுக்கொள்ளும் எக்ஸஸ் இதோடு கூடும். விலையை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளங்களில் அதை முன்கூட்டியே பெரிய எண்ணாகப் போட்டு விலையைச் சின்னதாகக் காட்டுவது நடக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே எக்ஸஸ் போட்டுப் பார்த்தால்தான் உங்கள் மூன்றில் ஒரு பங்கு உண்மையா என்று தெரியும். மெதுவாக ஊறி வந்த ஈரம், பூஞ்சை, பூச்சி அரித்தது, சாதாரணத் தேய்மானம், மெஷின் தானாகப் பழுதானது இவை பொதுவாக எந்தக் கம்பெனியிலும் வராது, அதை வைத்து ஒப்பிட வேண்டியதில்லை. கைதவறி டிவி விழுந்து உடைவது, வீட்டுக்கு வெளியே எடுத்துப் போகும் போன், லேப்டாப் இவை பெரும்பாலும் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கவர்கள். பழையதில் இருந்து புதியதில் இல்லாமல் போவதும் பெரும்பாலும் இவைதான். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் ஆபீஸ் கொடுத்த கம்ப்யூட்டருக்கு யார் பொறுப்பு என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தீப்பிடித்து வீட்டில் இருக்க முடியாமல் போனால் மாற்றிடத்துக்கான செலவு எத்தனை மாதம் வரும் என்பதையும் பாருங்கள். பெரிய விபத்தில் குடும்பத்தை உண்மையில் தாங்கிப் பிடிப்பது அதுதான், ஆனாலும் விலை ஒப்பிடும்போது அதை யாரும் பார்ப்பதில்லை.

இத்தனையும் பார்த்த பிறகும் புதுக் கம்பெனி நன்றாக இருக்கிறது என்றால், விண்ணப்பத்தைக் கவனமாக நிரப்புங்கள். பழைய கம்பெனிக்குத் தெரிந்தது எதுவும் புதுக் கம்பெனிக்குத் தெரியாது, எல்லாம் முதலிலிருந்து. கடந்த 3 அல்லது 5 வருடத்தில் நடந்த இழப்புகளைக் கேட்பார்கள். கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள், ஏனென்றால் சில கம்பெனிகள் க்ளெய்ம் போட்டதை மட்டும் கேட்கும், சில கம்பெனிகள் க்ளெய்ம் போடாவிட்டாலும் நடந்த இழப்பையும், உங்களோடு வசிப்பவர்களுக்கு நடந்ததையும் சேர்த்துக் கேட்கும். இணையதளத்தில் எடுக்கும்போது "உங்களைப் பற்றி நாங்கள் அனுமானித்தவை" என்று ஒரு பட்டியல் ஏற்கனவே டிக் போட்டு வந்திருக்கும், வீட்டில் வியாபாரம் நடக்கவில்லை, வெள்ளம் வந்ததில்லை, வேறு கம்பெனி எதுவும் மறுத்ததில்லை என்று. அந்தப் பட்டியலும் நீங்கள் சொன்ன பதிலாகத்தான் கணக்கு. அதில் ஒன்று தவறாக இருந்தால் க்ளெய்ம் தொகை குறையலாம், வேண்டுமென்றே மறைத்ததாகத் தெரிந்தால் பாலிசியே செல்லாது என்று சொல்லலாம். அவ்வளவு வருடம் கட்டியவர் ஒரு டிக்கில் கோட்டை விடுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் பத்து நிமிடம் உட்கார்ந்து படித்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்கான தள்ளுபடி பற்றி. பழைய ரினியூவல் நோட்டீஸில் அது எத்தனை வருடம் என்று போட்டிருந்தால் அதுவே பல இடங்களில் போதும். இல்லையென்றால் பழைய கம்பெனியிடம் ஒரு கடிதம் கேளுங்கள், விலகும் முன்பே கேட்பது நல்லது. சில கம்பெனிகள் ஆதாரம் எதுவும் கேட்காமல் நீங்கள் சொல்வதை வைத்தே தள்ளுபடி கொடுத்துவிட்டு, க்ளெய்ம் வரும்போது சரிபார்ப்பார்கள்.

மாறுவதற்கு முன் பழைய கம்பெனிக்கு ஒரு போன் போடுங்கள். புதுக் கம்பெனி சொன்ன விலையையும், சரி செய்த தொகையையும், ஒரே எக்ஸஸையும் வைத்துக்கொண்டு, இதற்கு என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். குறைத்துக் கொடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் இணைப்பு கொடுப்பார்கள், பல சமயம் குறையும். வித்தியாசம் சின்னதாகிவிட்டால் நான் பழையதிலேயே இருந்துவிடுவேன், குறிப்பாக அங்கே நகைகளுக்கு ஒப்புக்கொண்ட மதிப்பில் கவர் இருந்தாலோ, வீட்டில் முன்பு ஒரு தடவை வெள்ளம் வந்து அது தெரிந்தும் அவர்கள் கவர் கொடுத்துக்கொண்டிருந்தாலோ. அப்படிப்பட்ட வீடுகளுக்குப் புதிதாக ஒரு கம்பெனியைப் பிடிப்பது சுலபமில்லை.

இனி மாறும் வேலை. பாலிசி முடிய இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே விலை கேட்க ஆரம்பியுங்கள், கடைசி நாள் வரை விட்டால் ஆற அமரப் படிக்க நேரமும் இருக்காது, கேட்கும் விலையும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். பழைய பாலிசி எந்தத் தேதி எத்தனை மணிக்கு முடிகிறது என்று ஷெட்யூலில் இருக்கும், புதியது அந்த நிமிடத்திலிருந்து தொடங்க வேண்டும். நள்ளிரவில் முடிகிறதா, மறுநாள் மதியம் முடிகிறதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு நாள் இடைவெளி விழுந்தால் அந்த நாளுக்கு யாரும் பொறுப்பில்லை. ஒரு நாள் இரண்டும் சேர்ந்து ஓடினால் ஆபத்தில்லை, ஆனால் ஒரே நஷ்டத்துக்கு இரண்டு பேரிடமும் முழுப் பணம் வாங்க முடியாது, இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

பழையது தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லி, அவர்களிடமிருந்து பதிலையும் வாங்கி வையுங்கள். வங்கியில் தவணையை மட்டும் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். பணம் வரவில்லை என்று கம்பெனியே பாலிசியை ரத்து செய்யும் நிலை வந்தால், இனி எந்த விண்ணப்பத்திலும் "உங்கள் பாலிசியை எந்தக் கம்பெனியாவது ரத்து செய்ததுண்டா" என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்ல வேண்டிவரும், ப்ரீமியம் ஏறும், சிலர் தரவே மாட்டார்கள். தெரியாமல் புதுப்பிக்கப்பட்டுவிட்டால் பதற வேண்டாம், பல நாடுகளில் யோசித்து விலகச் சில நாள் அவகாசம் உண்டு, பிரிட்டனில் அது 14 நாள். அதற்கப்புறம் நடுவில் விலகினால் சில இடங்களில் ரத்துக் கட்டணம் பிடிப்பார்கள், மாதக் கணக்கில் பார்த்தால் கிடைக்க வேண்டியதைவிடக் குறைவாகத் திரும்ப வரலாம், அந்த வருடம் க்ளெய்ம் வாங்கியிருந்தால் எதுவும் திரும்ப வராமல் போகலாம், மிச்சத் தவணையையும் கட்டச் சொல்லலாம். அதனால்தான் மாறுவதை ரினியூவல் தேதியோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். முடிந்தால் வருடத்துக்கு ஒரே தடவையாகக் கட்டிவிடுங்கள், மாதத் தவணையில் பல கம்பெனிகள் வட்டி சேர்க்கின்றன, இரண்டு கம்பெனியின் மாதத் தொகையை ஒப்பிட்டால் அந்த வட்டி கண்ணுக்குத் தெரியாது.

புதுப் பாலிசி வந்ததும் ஷெட்யூலைத் திறந்து பெயர், முகவரி, தொகை, தனியாகச் சேர்த்த பொருட்கள், எக்ஸஸ், தொடங்கும் தேதி எல்லாம் கேட்டபடி இருக்கிறதா என்று அன்றே பாருங்கள், தவறு இருந்தால் அன்றே எழுதுங்கள். பழைய பாலிசித் தாள்களைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எந்தக் கம்பெனி பொறுப்பு என்பதைத் தீர்மானிப்பது நஷ்டம் நடந்த தேதிதான், நீங்கள் அதைக் கண்டுபிடித்த தேதி அல்ல. மாறுவதற்கு முன் நடந்த ஒரு கசிவையோ, எப்போதோ காணாமல்போன நகையையோ மாறிய பிறகு கண்டுபிடித்தால், போக வேண்டியது பழைய கம்பெனியிடம்தான், தெரிந்த உடனேயே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். இப்போது அங்கே முடியாத க்ளெய்ம் ஏதாவது இருந்தாலும் அதை அவர்களேதான் முடித்துக் கொடுக்க வேண்டும், நீங்கள் விலகியது அதற்குத் தடையில்லை, ஆனால் புதுக் கம்பெனியிடம் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நான் என்ன செய்வேன் என்றால், இந்த வாரக் கடைசியில் அறை அறையாகக் கணக்கு எடுத்துவிட்டு, சரியான தொகையோடு புதுக் கம்பெனியிடம் மறுபடியும் விலை கேட்பேன். கழிவு விதி உண்டா, புது விலையா தேய்மானமா, ஒரு பொருளுக்கு வரம்பு எவ்வளவு, திருட்டுக்கு உடைத்த அடையாளம் வேண்டுமா, ஆளில்லாமல் எத்தனை நாள், இந்த ஐந்துக்கும் மெயிலில் பதில் வாங்குவேன். போனில் சொன்னது க்ளெய்ம் நேரத்தில் உதவாது. ஐந்திலும் பழையதற்குக் குறையாமல் இருந்து விலையும் குறைவாக இருந்தால் தயங்காமல் மாறிவிடுவேன். தேய்மானத்திலோ நகை வரம்பிலோ குறைந்தால், அந்தக் கவரைச் சேர்த்துத் தர எவ்வளவு என்று கேட்டு, அந்த விலையைப் பழையதோடு ஒப்பிடுவேன். பதில்கள் கிடைத்ததும் இங்கே போடுங்கள், ஷெட்யூலில் உங்கள் பெயர், முகவரி, பாலிசி நம்பரை மறைத்துவிட்டுப் போடுங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.